வாபஸ் வாங்காத அண்ணி

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். குரல் இறங்கிவிட்டால் என் அண்ணன் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடியில் துணி காய்ந்ததா என்று பார்க்கப் போய்விடுவான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் கணினித் தொழில்வல்லுநர் சங்கத்துக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த வருஷம் அவர்கள் தலைவர் தேர்தலே நடத்த வேண்டி வந்திருக்காது.

நான் தையல் கடை வைத்திருப்பவள். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு கடையில் பில் போடுவதோடு சரி. அதுவும் மக்கர் செய்தால் அண்ணிக்குத்தான் போன். அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். ஜன்னல் இல்லாத, எந்நேரமும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரின் திரையில் வந்து விழுகிறதென்றால் அந்த அறை வழியாகத்தான். கொளுத்துகிற வெயிலிலும் அண்ணி கையில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போவார். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதையெல்லாம் அவர் கண்டுகொள்வதே இல்லை.

அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் இருந்த பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை, அதுதான் தகவல். சரி, இத்தனை வருஷமாகச் சந்தா கட்டிய சங்கம் இருக்கிறதே, அங்கே வேலை விளம்பரங்களைப் பார்க்கலாம், வக்கீல் யோசனை கேட்கலாம் என்று போனார். அங்கே கையை விரித்துவிட்டார்கள். உறுப்பினராக இருக்க வேலை தரும் நிறுவனத்தின் சான்று வேண்டுமாம். வேலை போன அன்றே உறுப்பினர் பதவியும் போய்விடுமாம். விதி அப்படி. வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வேலை தேடித் தரும் சங்கத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டது அன்றுதான்.

பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம், சாப்பாட்டு மேசையில் பழுதான லேப்டாப்புகளைப் பிரித்துப் போட்டு அண்ணி காலம் தள்ளினார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மருத்துவமனை வேலை கிடைத்ததும் முதல் காரியமாக மறுபடி சங்கத்தில் சேர்ந்தார். வெளியே தள்ளியவர்களிடமே போய் நிற்கிறீர்களே, ரோஷமே கிடையாதா என்று கேட்டேன். ரோஷம் இருப்பதால்தான் போகிறேன் என்றார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். துணைத் தலைவராக இருப்பவர் அடுத்த முறை தலைவர் ஆகிவிடுவார். வேறு யாராவது ஆசைப்பட்டு மனு போட்டால் அவருக்கு ஒரு போன் போகும். அவர் வாபஸ் வாங்குவார். ஆண்டுக் கூட்டத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்து கொடுப்பார்கள். தலைவர் ஏகமனதாகத் தேர்வு, எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த வருஷத்துத் துணைத் தலைவர் பெரிய மென்பொருள் கம்பெனி ஒன்றின் மேனேஜர். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் மேலதிகாரி, இல்லையென்றால் மேலதிகாரிக்கு மேலதிகாரி. அவரை எதிர்த்து அண்ணி மனு போட்டார்.

போன் வந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். அடுத்த முறை துணைத் தலைவர் பதவி உங்களுக்குத்தான், இந்த முறை விட்டுக்கொடுங்கள் என்றார். அந்த ஒரு விதியை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தால் இப்போதே வாபஸ் வாங்குகிறேன் என்றார் அண்ணி. வேலையில்லாதவர்களை வைத்துக்கொண்டு தொழில்வல்லுநர் சங்கம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது, வெளியில் சிரிக்க மாட்டார்களா என்று சொல்லி மேனேஜரே சிரித்தார். அண்ணியின் குரல் இறங்கியது.

“அப்ப ஓட்டுலயே பாத்துக்கலாம் சார்” என்று வைத்துவிட்டார்.

அண்ணன் வந்து எதிரில் நின்றான். மருத்துவமனைக்கே அந்த மேனேஜரின் கம்பெனிதான் மென்பொருள் கொடுத்திருக்கிறதாம்.

“உனக்குத்தான் இப்ப வேலை இருக்கே. எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?”

“வேலை இருக்கும்போதுதாங்க கேக்க முடியும். இல்லாதப்ப என்னை உள்ளயே விடமாட்டாங்களே.”

அண்ணன் மாடிக்குப் போனான்.

அண்ணி வாபஸ் வாங்காததால் சங்கத்துக்கு ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. யாருக்கும் நினைவு தெரிந்து அங்கே ஓட்டுப்பதிவு நடந்ததில்லை. எப்படி நடத்துவது என்று பேசக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் சாதாரணமாக, ஆன்லைனில் வைத்துவிடலாம், மேனேஜரின் கம்பெனியே இலவசமாகச் செய்து தருகிறது என்றார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அண்ணி வந்து சொன்னபோது, இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு யோசிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தினமும் சர்வரோடு மாரடிப்பவர்கள் என்றார் அண்ணி. சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைத்தால் என்னென்ன பார்க்கலாம் என்று அவர்களுக்கு அத்துப்படி. மேலதிகாரியை எதிர்த்து ஓட்டுப் போட்டது மேலதிகாரியின் சர்வரிலேயே பதிவாகிக் கிடக்கும் என்றால் யார் போடுவார்கள்?

அப்புறம் ஆரம்பித்ததாம் சண்டை. ஒருவர் ஓட்டுகளை ரகசியக் குறியீடாக மாற்றிவிடலாம் என்றார். இன்னொருவர் அதைப் பிரித்துப் படிக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நாமே எழுதுவோம் என்றார். எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று அதற்கு ஒரு சண்டை. டீ ஆறிப்போய், வாட்ச்மேன் விளக்கை அணைக்கட்டுமா என்று வந்து நிற்கும்வரை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அண்ணி எழுந்து, காகிதத்தில் போடலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சர்வர் பார்த்துக்கொள்கிறவள் என்பதால்தான் சொல்கிறேன் என்றார். சிரிப்பு நின்றது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டரை நம்பச் சொல்லிப் பிழைக்கிறவர்கள், தங்கள் ஓட்டு என்று வந்ததும் காகிதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். இது மட்டும் பேப்பரில் வந்துவிட வேண்டாம் என்று செயலாளர் கெஞ்சினாராம்.

அண்ணி மைக்கைக் கண்டால் ஒதுங்குகிற ஆள். ஆனால் அந்த ஒரு மாதம் ஓய்வு நேரமெல்லாம் அலுவலகக் கேண்டீன்களிலும் லிஃப்ட் வாசல்களிலும் நின்று ஆட்களைப் பிடித்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: நாளைக்கு உங்கள் வேலை போனால் இந்தச் சங்கத்தில் நீங்கள் யார்? பலர் “கண்டிப்பா மேடம்” என்று சொல்லிவிட்டு, மேனேஜர் பக்கத்து ஆள் யாராவது பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி செருப்புத் தேய்ந்து வீட்டுக்கு வருவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இவர்களுக்காகவா இந்தப் பாடு என்று திட்டுவேன். இவர்களுக்காகத்தான் என்பார், கால் கழுவிக்கொண்டே.

ஆண்டுக் கூட்டத்துக்கு நானும் போனேன். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. மேலே துளை போட்டது என் கடைக் கத்திரிக்கோல். துணி வெட்டும் கத்திரிக்கோலால் அட்டையை வெட்டினால் முனை மழுங்கிவிடும், இருந்தாலும் கொடுத்தேன். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் கடைசி வரிசை. அங்கே என்னோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீங்கள் யாருடைய சொந்தம் என்று கேட்டேன். சொந்தமெல்லாம் இல்லை, போன வருஷம்வரை உறுப்பினராக இருந்தேன், வேலை போய்விட்டது என்றாள். அந்த வரிசையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அண்ணிதான் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் பெரிய திரையில் படம் படமாகக் காட்டி எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் இருந்தது, எனக்கே கைதட்டத் தோன்றியது. அண்ணி நாலு வாக்கியம் பேசிவிட்டு இறங்கிவிட்டார். ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள். அண்ணி தோற்றுப்போனார். இருபதுக்கும் குறைவான வித்தியாசம்.

மேனேஜர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, பூங்கொத்தோடு அண்ணியை மேடைக்கு அழைத்தார். அண்ணி போனார். பூங்கொத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு அவரிடமே மைக்கைக் கேட்டு வாங்கினார். இருபது உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டால் எந்த விதியையும் இதே கூட்டத்தில் ஓட்டுக்கு விடலாம் என்று சங்க விதியிலேயே இருக்கிறது, வேலை போனாலும் உறுப்பினர் பதவி போகாது என்பதை ஓட்டுக்கு விடக் கேட்கிறேன், பெட்டியும் இங்கேதான் இருக்கிறது என்றார். ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் செயலாளர்.

ஒருவரும் எழவில்லை. பெட்டிக்குள் காகிதம் போடுவது வேறு, மேலதிகாரியின் கண்ணெதிரே எழுந்து நிற்பது வேறு. தலைகள் எல்லாம் போனைப் பார்த்துக் குனிந்திருந்தன. அண்ணி மைக்கைக் கொடுக்காமல் நின்றார். அப்படியே நின்றுகொண்டே இருந்தார்.

என் பக்கத்திலிருந்த பெண் எழுந்தாள். அந்த வரிசை முழுக்க எழுந்தது. நானும் எழுந்து நின்றேன். தையல்காரிக்கு அங்கே என்ன வேலை என்று யார் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருந்தேன். செயலாளர் சங்கடத்தோடு சொன்னார்:

“நீங்க யாரும் உறுப்பினர் இல்ல. உங்களைக் கணக்குல எடுக்க முடியாது. தயவுசெஞ்சு உக்காருங்க.”

அந்தப் பெண் உட்காரவில்லை. “போன வருஷம்வரைக்கும் இவர் பக்கத்து சீட்டுலதான் சார் நான் வேலை பாத்தேன்” என்றாள், முன்வரிசை ஒருவரைக் காட்டி.

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அப்புறம் நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான். இருபதைத் தாண்டியும் எழுந்துகொண்டே இருந்தார்கள். ஓட்டு நடந்தது, மறுபடி காகிதத்தில்தான். விதி மாறியது. அண்ணி பூங்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசைப் பெண்ணிடம் கொடுத்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து மேனேஜரின் கம்பெனியை வேறு ஒரு கம்பெனி வாங்கியது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். மறுநாளே அண்ணிக்குப் போன் செய்தார். வேலையில்லாதவன் தலைவராக இருப்பது சரியில்லை, ராஜினாமா செய்துவிடுகிறேன், நீங்களே வந்து உட்காருங்கள் என்றார். எனக்கென்றால் உள்ளுக்குள் குதூகலம்தான். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி என்று சைகை காட்டினேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்க இன்னும் உறுப்பினர்தான் சார். தலைவரும் நீங்கதான். அடுத்த தேர்தல்ல உங்களை எதிர்த்து நிப்பேன், அப்ப தோக்கடிக்கிறேன். இப்படி வேண்டாம்.”