மண் அணைக்காதீர்கள்

இந்தத் தொழிலில் சாவது மரம், பதில் சொல்வது விற்றவர். மரம் விற்பவர்களுக்கும், நண்பர்களுக்கு மரம் சிபாரிசு செய்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

எந்த நர்சரி?

கோவையில் நான்கு வருடம் விவசாயம் படித்தேன். நியூ ஜெர்சிக்கு வந்து, வேலை அனுமதி கைக்குக் கிடைக்க ஏழு வருடம் ஆனது. கிடைத்த மாதமே வெஸ்ட் வின்ட்சருக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் சேர்ந்தேன். அந்த வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைச் சொன்னதும், நான்கு பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயிட்லிஸ்ட் எவ்வளவு நீளம், டயபர் விட்டிருக்க வேண்டுமா, மதியம் தூங்க வைப்பீர்களா என்று கேள்விகள். மரம், செடி விற்கிற நர்சரி என்றேன். மூன்று நாற்காலிகள் பழைய இடத்துக்குப் போயின. மிச்சமிருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தவா காலேஜ் போனீங்க, ரஹ்மத்?"

ஆறு மரங்கள்

வீட்டு முன்வாசலுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது க்ராப் ஆப்பிள். பெரிதாக வளராது, வசந்தத்தில் மரம் முழுக்கப் பூக்கும். எங்கள் நர்சரியில் அடர்ந்த ரோஜா நிறத்தில் பூக்கும் ஒரு பழைய வகைதான் விற்றார்கள். பத்து நாள் பூ. பிறகு கரும்புள்ளி நோய் வந்து ஜூலையில் இலையெல்லாம் உதிர்ந்து, கோடை முழுவதும் விளக்குமாற்றை நட்டுவைத்தது போல நிற்கும். பூவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, மீதி மாதங்களில் மரம் எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டும் என்று முதலாளி ஃப்ராங்கிடம் மூன்று வருடம் சொன்னேன். நோய் தாங்குகிற வெள்ளைப் பூ வகை ஒன்று இருக்கிறது. கோலிக்குண்டு அளவே வரும் அதன் சிவப்புக் காய்கள் பனிக்காலத்திலும் கிளையிலேயே நிற்கும், பறவைகள் வரும்.

நான்காவது வருடம் ஃப்ராங்க் ஆறு மரங்கள் மட்டும் வரவழைத்தார். ஆறையும் நான் விற்க வேண்டும். அடுத்த ஏப்ரல் முடிவதற்குள் அவற்றில் நான்கு மரங்களாவது துளிர்த்தால், இனி நர்சரிக்கு என்ன மரம் வாங்குவது என்ற பட்டியல் என் கையில். இல்லையென்றால் நான் திரும்பவும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடப் போக வேண்டும். கை கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"உன் ஆட்கள் மரம் வாங்குவார்கள், ரஹ்மத். வாழ விடமாட்டார்கள்."

வாசலில் நண்டு

முதல் மரத்தைப் பார்க்க வந்தது மீனாட்சி ஆன்ட்டி. மகனோடு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இருப்பவர். மரத்தைச் சுற்றி இரண்டு முறை வந்தார். மே மாதம், முழுப் பூவில் நின்றது. ஆன்ட்டிக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் சீட்டைப் படித்தார். "க்ராப்புன்னா நண்டுதானேம்மா?" அது வெறும் பெயர், நண்டுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். "உங்காத்துல அது சகஜம். நாங்க வாசல்ல எப்படி வெச்சுக்கறது?" என்றார். எங்கள் வீட்டில் எது சகஜம் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஆறில் முதல் மரம், விற்றாக வேண்டும். புதுச் சீட்டு ஒன்றில் 'சின்ன ஆப்பிள்' என்று தமிழில் எழுதிக் கட்டிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் போன் வந்தது. குரலில் ஏமாற்றப்பட்டவரின் பொறுமை. அந்த மரத்தை இனித் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை என்றார்.

"நாலு மாசமா பாக்கறேன், கொட்டைப்பாக்கு சைஸ்லயே நிக்கறதே, இது எப்போ ஆப்பிளாகும்?"

ஆடி

ஐசலினில் புடவைக் கடை வைத்திருக்கும் சுகுணா ஜூலை இருபது வாக்கில் ஒரு மரம் எடுத்துப் போனார். அன்றைக்கே நடுங்கள், தொட்டியில் வைத்திருக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். ஆகஸ்டு இரண்டாம் வாரம் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டில் நிறுத்தினேன். கார் நிறுத்தும் தார்த்தரையில், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலேயே மரம் நின்றது. குச்சியைக் கிள்ளினேன். ஒடிந்தது. தண்டில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

ஊரில் ஆடியில்தான் நிலத்தை உழுது விதைக்கிறார்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கொண்டுவந்த காபியைக் கீழே வைக்கலாமா கொடுக்கலாமா என்று தெரியாமல் நின்றார் சுகுணா.

"ஆடியில வேண்டாம், ஆவணி பொறக்கட்டும்னுதானே தொட்டியிலயே ஜாக்கிரதையா வெச்சிருந்தோம்?"

மான்

இன்னொரு மரம் வாங்கிய டாக்டர் முரளியின் வீட்டுக்குப் பின்னால் காடு. இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் வந்து இளமரங்களில் கொம்பைத் தேய்க்கும், பட்டை போனால் மரம் போயிற்று. அதனால் தண்டைச் சுற்றி நானே பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொடுத்தேன். வசந்தம் வரை கழற்றாதீர்கள் என்றேன். "ஷ்யூர், ஷ்யூர்" என்றார்.

கொலுவுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள், உறை அசிங்கமாகத் தெரியும் என்று கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டவில்லை. நான் பார்க்கும்போது தண்டைச் சுற்றிப் பட்டை முழுவதும் உரிந்து, உள்ளே வெள்ளையாக இருந்தது. அந்த மனிதர் அறுவை சிகிச்சை நிபுணர். தோல் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் காட்டுப்பக்கம் பார்த்தார்.

"பாவம்ங்க, அதுக்கும் தலை அரிச்சிருக்கும், எங்க போய்ச் சொறிஞ்சுக்கும்?"

வாழைக்காரர்

இரண்டு மரங்கள் போய்விட்டன. மீதி நான்கும் பிழைத்தாக வேண்டும். ஆன்ட்டியின் மரம் ஒன்று. மற்ற மூன்றும் ஒரே தெருவில், செந்திலின் வீட்டிலும் அவருக்கு இரு பக்கத்து வீடுகளிலும் இருந்தன. செந்தில் மென்பொருள்காரர், பவானிப் பக்கம் வாழை வைத்த குடும்பம். எல்லோரிலும் அவரைத்தான் நம்பினேன்.

நவம்பரில் எங்கள் தோட்டக்காரர் வாட்ஸாப் குழுவில் அவர் ஒரு படம் போட்டார். மரத்தின் தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணும் மரத்தூளும் கோபுரமாகக் குவிந்திருந்தன. கீழே எழுதியிருந்தார்: 'குளிருக்கு முன்னால் இப்படி மண் அணைக்கவும்.' முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். பக்கத்து வீடுகள் இரண்டும் தங்கள் கோபுரங்களின் படத்தையும் போட்டிருந்தன.

சனிக்கிழமை களைக்கொத்தோடு போனேன். பக்கத்து வீடுகளில் கேட்காமலே குவியலைத் தள்ளிவிட்டேன். செந்தில் மறித்து நின்றார். வாழை கிழங்கிலிருந்து முளைத்துக்கொண்டே இருக்கும், அதற்கு மண் அணைக்கலாம். இது பட்டையால் வாழும் மரம், பட்டை புதைந்தால் அழுகும், குவியலுக்குள் எலி குடியேறும் என்றேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல் அவருடைய அப்பாவையும் இழுத்துப் பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து, மே மாதம் நான் அனுப்பிய குரல் செய்தியை ஓடவிட்டார். வேருக்குப் பக்கத்தில் மண்ணை நல்லா அணைச்சு விடுங்க, காத்து இடைவெளி இருக்கக் கூடாது. என் குரல்தான்.

"ஏனுங்க்கா, நீங்கதானுங்களே அணைக்கச் சொன்னீங்க?"

குளிர்

சொன்னேன்தான். வேர்ப்பகுதியில் மண்ணை அமுக்கி நடச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. வகுப்பில் படித்த வார்த்தை வாயில் வந்தது. வாழைக்காரருக்கு அது தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்கும் வேலை. அன்று செந்திலின் குவியலை இருவருமாக எடுத்தோம். தண்டு ஈரமாக இருந்தது, ஆனால் கெட்டுப் போகவில்லை. நிம்மதியாகத் திரும்பினேன். முதல் பனி விழுந்த அன்று, குளிருமே என்று அவர் மறுபடியும் குவித்துவிட்டார், இந்த முறை இன்னும் உயரமாக. எனக்குச் சொல்லவில்லை.

மார்ச்சில் பனி கரைந்து குவியல் சரிந்தபோது, குளிர் முழுவதும் உள்ளே கதகதப்பாகக் குடியிருந்த எலிகள் தண்டைச் சுற்றிப் பட்டையை ஒரு வளையமாகத் தின்றிருந்தன. நான் கையால் மண்ணை அள்ளி அள்ளி எறிந்தேன். செந்திலின் மனைவி ஜன்னலைத் திறந்தார்.

"அக்கா, அத விடுங்க, உள்ள வந்து கை கழுவுங்க, நகமெல்லாம் ரத்தம்."

துளிர்

ஏப்ரல் கடைசி வாரம் ஃப்ராங்கே வண்டியை எடுத்தார். ஆன்ட்டி செப்டம்பரிலிருந்து பக்கத்தில்கூடப் போகாத மரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. செந்திலின் பக்கத்து வீடுகளில் இரண்டும் துளிர்த்திருந்தன. மூன்று. நான்காவதுக்காக செந்திலின் வாசலில் நின்றோம். மேலே எல்லாம் காய்ந்த குச்சி. ஆனால் அடியில், மண்ணை ஒட்டி, பச்சையாக ஒரு முளை இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்திருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த மரங்கள் வேறொரு செடியின் வேரில் ஒட்டுக் கட்டியவை; அது ஒட்டுக்குக் கீழே, அந்த வேர்ச்செடியிலிருந்து வந்த முளை. வெள்ளைப் பூவும் சிவப்புக் காயும் உள்ள ஒட்டுப் பகுதி செத்துவிட்டது. இது எப்படிப் பூக்கும், பூக்குமா என்றே யாருக்கும் தெரியாது. ஃப்ராங்கிடம் அதைச் சொன்னேன். அவருக்கும் தெரியும், முப்பது வருடமாக மரம் விற்பவர். குனிந்து முளையைப் பார்த்தார். துளிர்த்தால் என்றுதான் பேச்சு, எது துளிர்த்தால் என்று பேசவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து பட்டியல் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கியதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. செந்தில் எங்களுக்குக் குறுக்கே வந்து, முளையைச் சுற்றி இரண்டு கைகளாலும் மண்ணைக் கூட்டத் தொடங்கியிருந்தார்.

"பாத்தீங்களாக்கா, நான் அணைச்சதாலதானுங்க அடியிலேர்ந்து உசிர் வந்திருக்குது!"

தமிழில் குழந்தையையும் அணைக்கிறோம், விளக்கையும் அணைக்கிறோம். மரம் நடுவதற்கு இரண்டும் இல்லாத ஒரு வார்த்தை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், பட்டியல் இப்போது என் கையில் இருக்கிறது.