ஊசி தெரியாத காலில் பஞ்சு தெரிந்தது

ஜெர்மன் சண்டைக்கு முந்தி, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர். சேரன்மகாதேவியிலிருந்து சுடலைமுத்து என்ற விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் வயலில் சாப்பிட்டுக் கை கழுவும்போது முதுகில் சுளீரென்று வலி; சற்று நேரத்தில் இரண்டு காலும் துவண்டுவிட்டன. மூத்திரமும் நின்றுவிட்டது.

சோறு கொண்டுபோனவள் மனைவி பேச்சியம்மாள். அதுதான் வினையாகிவிட்டது.

"இவதான் சோத்துல என்னத்தையோ வச்சிட்டா. இன்னைக்கே இவள அப்பன் வீட்டுல தள்ளிருதேன்," என்றார் சுடலைமுத்துவின் அண்ணன்காரர். ஊர் வாய்க்காலில் தண்ணீர் பிரித்துவிடுகிறவர், சொன்னால் சொன்னதுதான். புருஷனுக்குக் கஞ்சி கொடுக்கக்கூட அவளை விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் டாக்டர் பேச்சை வளர்க்கவில்லை. முதலில் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தார். முதுகெலும்பைத் தட்டிப் பார்த்தார். அடி, வீக்கம், காய்ச்சல் எதுவும் இல்லை. கைகள் நன்றாக இருந்தன. பிறகு நோயாளியின் கண்ணைத் துண்டால் கட்டச் சொன்னார்.

காலில் ஊசியால் குத்தினார். தெரியவில்லை. வெந்நீர்க் குப்பியை வைத்தார். அதுவும் தெரியவில்லை. போச்சு, முழுக்க மரத்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் அதே இடத்தில் பஞ்சால் பட்டும் படாமலும் தடவினார்.

"ஏதோ ஊருதாப்புல இருக்கு, அய்யா."

கால் பெருவிரலைப் பிடித்து மேலும் கீழுமாக மடக்கினார்.

"மேல போவுது. இப்பம் கீழ."

ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊசியைக் காலிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனார். தொப்புளைத் தாண்டியதும் கோடு போட்டதுபோல, "குத்துதே" என்றார் சுடலைமுத்து. மனுஷ உடம்புக்குள் இப்படியும் ஒரு பாகப்பிரிவினை இருக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

டாக்டர் அண்ணன்காரரிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒரு மடை அடைச்சா எந்த வயலு காயும்?"

"அதுல பாயுத வயலுதான்."

"முதுகெலும்புக்குள்ள ஓடுத தண்டுவடத்துக்கு முன்பக்கம் ஒரு ரத்தக்குழாய் பாயுது, பின்பக்கம் வேற. முன்னால உள்ளது அடைச்சிட்டு. நடை, வலி, சூடு எல்லாம் அந்தப் பக்கம். தொடுத உணர்ச்சி பின்பக்கம், அது தப்பிச்சிட்டு. சோத்துல வச்ச மருந்து இப்படி வயலு பாத்துப் பாயாது."

அண்ணன்காரர் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"நடப்பானா?"

"கொஞ்சம் தேறலாம். வாக்கு குடுக்க மாட்டேன். சூடு தெரியாத காலு, ஒத்தடம் குடுத்து வேவ வச்சிராதிய."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள், பஞ்சையும் எடுங்கள்.

அண்ணன்காரர் கஞ்சிச் சட்டியைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

"நீயே குடு, தாயி," என்றார்.