பால்ராஜின் பெரிய தட்டு

தோணிரேவு பால்ராஜுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரில் தொலைந்ததைத் தேடித் தருவதுதான் அவர் தொழில். இதில் முரண் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. பழவேற்காடு ஏரியில் பெரும்பகுதி முழங்கால் ஆழம். மூழ்க விரும்புகிறவர் முதலில் உட்கார வேண்டும்.

நங்கூரம், எஞ்சின் விசிறி, சுற்றுலா வந்தவர்களின் கார் சாவி என்று பலவும் அவர் கருவிக்குச் சிக்கியிருக்கின்றன. கருவி என்றால் ஒரு கம்பு. மேல்முனையில் ஒரு பெட்டி, கீழ்முனையில் வட்டமாக ஒரு தட்டு. கடைக்காரர்கள் அந்தத் தட்டைக் காயில் என்பார்கள். சேற்றில் உலோகம் இருந்தால் தட்டு உணரும், பெட்டி கத்தும். ஊர் வைத்த பெயர் ‘கத்துற கம்பு’.

போன வருடம் பழைய தட்டைக் கடையில் கொடுத்துவிட்டு, தாம்பாளம் அளவில் புதுத் தட்டு ஒன்றை மாற்றி வாங்கினார். கருவியின் மாடல், செருகியில் எத்தனை ஊசி, தண்ணீர் புகாத உறை எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்கினார். அளவை மட்டும் கேட்கவில்லை. வலை பெரிதானால் மீன் அதிகம் என்று நாற்பது வருடம் நம்பியவருக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது? நங்கூரம் தேடும்வரை அந்த நம்பிக்கைக்குப் பழுதில்லை.

சாமுண்டீஸ்வரியின் தாலி நங்கூரம் அல்ல.

அவர் சேற்றில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர். கழுத்து வெறுமையாக இருப்பது தெரிந்ததும், அதே இடத்தில் ஒரு கழியை நட்டுவிட்டு பால்ராஜ் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“அண்ணே, அவரு கடல்ல கீறாரு. வெறுங்கழுத்தோட நான் எப்படிண்ணே வூட்டுப் படி மிதிக்கிறது?”

பால்ராஜ் கழியருகே போய், முதலில் ஏரித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு மிகுந்தால் கம்பு காரணமில்லாமல் கத்தும். கடல் முகத்துவாரம் வழியாக ஏறிவர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கம்பை இறக்கினார். கத்தியது. நகர்த்தினார். அங்கேயும் கத்தியது; பெரிய தட்டுக்கு இருந்த உப்பே போதுமாக இருந்தது. பெட்டியில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைத்தார். அடங்கியது, ஆனால் சாமுண்டீஸ்வரி கம்மலைக் கழற்றி அடியில் காட்டியபோதும் அடங்கியே இருந்தது.

“இன்னாண்ணே, இறாலுக்குச் சுறா வலைய தூக்கினு வந்துகீற? கண்ணி பெருசு, சின்னது பூந்து போவுது.”

கருவியோடு வந்த புத்தகம் நான்கு பக்கத்தில் சொன்னதும் இதைத்தான்.

சின்னத் தட்டு சுண்ணாம்புக்குளம் ஞானதாஸிடம் இருந்தது. ஒரே தொழில் என்பதால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாமுண்டீஸ்வரியே போன் போட்டார். ஞானதாஸ் ஒரு மணி நேரத்தில் கம்பும் தட்டுமாக பைக்கில் வந்து இறங்கினார்.

“கம்பு வேணாம், தட்டைக் குடு” என்றார் பால்ராஜ்.

செருகி அழகாகப் பொருந்தியது. மரை இறுகியது. பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை.

“ஒரே கம்பெனி, ஒரே ஊசி. அப்பால இன்னாய்யா?”

“உன் பொட்டி பேசுற அலைவரிசை வேற, என் தட்டு கேக்குறது வேற. பத்துப் பொருத்தம் இருந்தும் பேசாத புருசன் பொஞ்சாதி கணக்கா.”

“பேஜார் பண்ணாதீங்க, கடல் ஏறுது” என்றார் சாமுண்டீஸ்வரி.

பால்ராஜ் தட்டைக் கழற்றிக் கொடுத்தார். “சரி, உன் கம்பையே இறக்கு.”

ஞானதாஸ் தேடினார். பால்ராஜ் சும்மா இருக்க முடியாமல் முன்னால் நடந்து, அடிக்கொரு தரம் தண்ணீரை நக்கிப் பார்த்தார். “இங்க உப்பு ஏறிச்சு, திருகைக் கொற.” ஞானதாஸ் மறுபேச்சில்லாமல் குறைத்தார். ஒரு சோடா மூடி வந்தது. ஓர் ஆணி வந்தது. கழிக்கு மேற்கே மூன்றடியில் கம்பு மெல்லிசாக, கொசு போல, ஒரு சத்தம் கொடுத்தது.

சாமுண்டீஸ்வரி இருவரையும் தள்ளிவிட்டுக் கையை விட்டார். முதலில் ஓர் இறால். அடுத்தது, சேறு வழியும் மஞ்சள் கயிறும் பொட்டுத் தாலியும்.

“என் கம்பு கண்டுபிடிச்சிது” என்றார் ஞானதாஸ்.

“என் நாக்கு இல்லேன்னா உன் கம்பு பொழுதுக்கும் கூவிகினு இருந்திருக்கும்” என்றார் பால்ராஜ்.

அறுந்த கயிற்றின் நுனிகளைக் கழுத்துக்குப் பின்னால் இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே சாமுண்டீஸ்வரி சொன்னார்:

“சேத்துல கைய வுட்டவ நானு. ரெண்டு பேரும் கரைக்கு நடங்க, அவரு படகு வர்ற நேரம்.”