பெயரைக் கேட்ட போதகர்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருவோருக்குக் கைப்பிரதி கொடுக்கும் போதகர் அவர். மெலிந்த உடல், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எவரிடமும் பேசுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

"கோச்சுக்காதீங்க சார்," என்றார் ஒருநாள் என்னிடம். "பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம போனா நான் என்ன மனுசன்? இயேசுவ நம்பலன்னா நரகந்தான்."

"என் மனைவி நம்பல. போன மாசம் இறந்துட்டா. அவ இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது.

"அவங்க பேரு என்ன சார்?"

சொன்னேன். கண்களை மூடி, அந்தப் பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் ஜெபித்தார்.

இறந்தோருக்காக ஜெபிப்பது அவருடைய சபையில் கூடாது; முன்பு அவரே சொல்லியிருக்கிறார். அதை மீறி, எனக்குக் கேட்காதபடி, அவளுக்காக அவர் என்ன வேண்டியிருப்பார்?