பூட்டிய வீடுகளின் பதில்

மட்டாஞ்சேரியில் எங்கள் பகுதி கிளினிக்கை மாலையில் மூடிவிட்டுக் காலையில் மட்டும் நடத்தலாமா என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. புள்ளியியல் படித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. வீட்டுப் பட்டியலில் குலுக்கல் போட்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன். அதுவரை ஒழுங்குதான்.

தினமும் காலை பத்து மணிக்குப் போனேன். பூட்டியிருந்த வீட்டைப் பட்டியலில் அடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தட்டினேன். மாலையில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பது முறை. யார் போவது? திறந்திருந்த வீடுகளில் சாயா கொடுத்தார்கள், காலை நேரமே போதும் என்றும் சொன்னார்கள்.

கணக்குப் போட உட்கார்ந்தபோது எனக்குத் தெரியாமல் இல்லை. குலுக்கலில் வந்தவர்கள் பதில் சொல்லியிருந்தால்தான், அந்தக் குலுக்கலை நம்பி ஊருக்கே பொதுவாக முடிவு சொல்லலாம். பூட்டிய வீட்டார் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைப் போல வேலைக்குப் போகிறவர்களில் என்னிடம் அகப்பட்ட சிலரின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்து, இது ஊகம் கலந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அல்லது கேட்டவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டு, குலுக்கலை நம்பி ஊருக்கே பொதுவாகச் சொல்லும் வழியையே பிடித்துக்கொண்டேன். அதில்தான் அறிக்கை கம்பீரமாக இருந்தது. 'தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கையுடன்' என்று வேறு எழுதினேன், வெட்கம் கெட்டவன்.

மாலை கிளினிக் நின்றது.

சில வாரம் கழித்து, இஞ்சி கோடவுனில் வேலை செய்யும் ஒரு பெண் என்னை வழியில் நிறுத்தினாள்.

"சாரே, அஞ்சு மணி வரைக்கும் இஞ்சி பொறுக்கணும். காலையில லீவு கேட்டா நாளைக்கு வரவேண்டாம்பாங்க. பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சு. சாயங்காலம் வேண்டாம்னு சொன்னது யாரு? எங்க வீட்டுல யாரும் கேக்கலியே."

எந்த வீடு என்று கேட்டேன். கோடவுனுக்குப் பின்னால் கடைசி வீடு என்றாள். பட்டியலில் இருந்த வீடு. என் கையாலேயே அடித்தது.

"உங்க வீடு குலுக்கல்ல வரலை, அக்கா" என்றேன். நாக்கு கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது.

அவள் சிரித்தாள். "எனக்கு என்னைக்கு சாரே குலுக்கல்ல விழுந்திருக்கு? விடுங்க, நீங்க என்ன செய்வீங்க."