வறுத்த பயறு

எல்லையில் சண்டை மூண்ட சமயம், எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கென்று தனி வார்டு ஒதுக்கினார்கள். ஆள் போதவில்லை என்று தெரிந்ததும் நாங்கள் சில பெண்கள் பகலில் போய் உதவினோம். கஞ்சி ஊட்டுவோம், உடம்பு துடைப்போம், வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்போம். போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் வந்த பெண்மணிகளும் உண்டு. அவர்கள் மறுநாள் வரவில்லை.

என்னோடு வேலை செய்த தோழி திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்தவள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லமாட்டாள். "உன்கிட்ட ரகசியம் சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி" என்று அவளைச் சீண்டுவேன்.

அந்த வார்டில் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த ஒருவன், பக்கத்துத் திருப்புட்குழிக்காரன். இனி நம்பிக்கையில்லை என்று டாக்டர் சொல்லியும் அவன் அம்மா கேட்கவில்லை. அந்த ஊர்ப் பெருமாள் கோயில் தாயாரை வேண்டிக்கொண்டு, பிள்ளையில்லாத பெண்கள் வறுத்த பயறை ஊறவைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்ததும் முளைத்திருந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

"அப்பிடி முளைச்சுப் பொறந்தவம்மா இவன். குடுத்தவளே எடுத்துக்குவாளா?" என்றார்.

வீட்டில் பயறு வறுத்து எடுத்து வந்தார். ஊறவைத்துத் துணியில் முடிந்தார். அன்று இரவு மகனின் கட்டிலருகே அதை மடியில் கட்டிக்கொண்டு படுத்தார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். வறுத்தது எங்கே முளைக்கப் போகிறது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காலையில் நாங்கள் போனபோது முளைத்திருந்தது. அந்தம்மா அதை உள்ளங்கையில் வைத்துக் கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டிருந்தார். காலை இழந்த பையன்கள்கூடக் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தோழி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான்தான் மாத்திட்டேன். நேத்து சாயங்காலம் அவங்க குளிக்கப் போனப்ப, சுண்டலுக்கு ஊறவெச்சிருந்த பச்சைப் பயிறைப் போட்டு முடிஞ்சு வெச்சேன்."

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம கெடந்தாங்க. இன்னிக்கு இட்லி சாப்பிட்டாங்கல்ல?"

சாப்பிட்டார்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மதியமே அவன் போய்விட்டான்.

அந்தம்மா அழவில்லை. மகனின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் போய் நின்றோம்.

"நாந்தாம்மா சரியா வறுக்கல போலக்கீது. பச்சையா இருந்ததுதான் முளைச்சுக்கினு வந்திருக்குது. தாயாரையே ஏமாத்திட்டேன். அதான் புள்ளைய எடுத்துக்கினா."

என் தோழி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீங்க நல்லாத்தான் வறுத்தீங்க."

அந்தம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப எப்பிடிம்மா முளைச்சுது?"