தாய்மாமன் ஸ்டாண்ட்பையில் இருக்கிறார்

உங்கள் வீட்டில் யாராவது பைலட் இருக்கிறார்களா? இல்லையா? ரொம்ப நல்லது. அப்படியே நிம்மதியாக இருங்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். என் மனைவி சுமதியின் ஒரே தம்பி, பிரவீன். கோ-பைலட். சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த வாரம் நீங்கள்தான் மாட்டினீர்கள்!

விஷயம் இதுதான். என் மூன்று வயது மகள் யாழினிக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். மொட்டையோ, காது குத்தோ, குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சுமதி இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். “எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் மடியில வெச்சுத்தான் குத்தணும்” என்று குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள்.

தேதி வைத்தது யார்? அடியேன்தான். அங்கேதான் கோளாறு.

பிரவீன் மாதாமாதம் தன் ரோஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். எந்த நாள் எந்த ஊருக்குப் பறக்கிறான் என்கிற பட்டியல். ஆவணி முகூர்த்த வெள்ளிக்கிழமைக்கு நேராகப் பார்த்தேன். எந்த ஊர் பெயரும் இல்லை. ‘ஸ்டாண்ட்பை’ என்று மட்டும் போட்டிருந்தது. ஊர் பெயர் இல்லையென்றால் என்ன அர்த்தம்? லீவுதானே? ஜோசியரைப் பார்த்தேன்... ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம் என்றார். பத்திரிகை அடித்து, பந்தல் சொல்லி, சமையலுக்கு ஆள் பிடித்து, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக அவனுக்கு போன் போட்டேன்.

“அத்தான்... ஸ்டாண்ட்பைன்னா லீவு இல்ல” என்றான். குரலே சரியில்லை. “வேற பைலட் யாருக்காவது முடியாமப் போனா என்னைக் கூப்பிடுவாங்க. காலைல அஞ்சு மணியிலேர்ந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் யூனிஃபார்மை அயர்ன் பண்ணி வெச்சுக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். ஊரை விட்டு நகரக் கூடாது.”

“கூப்பிடலைன்னா?”

“உக்காந்தேதான் இருக்கணும்.”

“அதுக்குப் பேரு டூட்டியா?”

“ஆமா அத்தான்.”

இதை என் மாமனாருக்குப் புரியவைக்கிற பாக்கியமும் எனக்கே கிடைத்தது. “சும்மா உக்காந்திருக்கிறதுக்குச் சம்பளம் குடுப்பானாம், கூடப்பொறந்த அக்கா மக காது குத்துக்கு விட மாட்டானாம். என்னங்க கம்பெனி அது?” என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஏதோ அந்தக் கம்பெனியை நான் நடத்துகிற மாதிரி!

சரி, வேறு யாரையாவது அன்றைக்கு மாற்றிவிடச் சொன்னோம். பிரவீனின் பைலட் நண்பன் ஒருவன் தங்கமான பிள்ளை, நான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். ஆபீஸ் விடவில்லை. அந்த நண்பன் முதல் நாள் பறந்துவிட்டு வருகிறான், நடுவில் இத்தனை மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், அது பத்தாது என்று கம்ப்யூட்டரே சிவப்பு விளக்குப் போட்டுவிட்டதாம்.

“அவன்தான் பரவால்லங்கிறானே! ஒரு நாள் கொஞ்சம் கம்மியாத் தூங்கினா என்ன குடி முழுகிப் போயிடும்?” என்று கத்தினேன்.

“இருநூறு பேரை வெச்சுக்கிட்டுப் பறக்கணும் அத்தான்” என்றான்.

யோசித்துப் பாருங்கள். நாம் ஏறுகிற விமானத்தின் பைலட் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தெளிவாக வர வேண்டும். நம் வீட்டு விசேஷம் என்றால் அந்த விதியைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட வேண்டும். என் மாமியார் பகல் இரண்டு மணிக்கு அவனுக்கு போன் போட்டு, “பட்டப்பகல்ல என்னடா தூக்கம், உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று எழுப்பிக் கேட்பார். ராத்திரி விமானம் ஓட்டப் போகிறவன் பகலில் தூங்காமல் வேறு எப்போது தூங்குவான்? அதை அவரிடம் யார் சொல்வது? நான் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் காப்பி வரவில்லை.

இதற்கு நடுவே சொந்தக்காரர்கள் வேறு. “பிளேன்தான் அவங்களுக்கு ஓசியாச்சே, ஒரு எட்டு வந்துட்டுப் போறது!” ஓசிதான்... ஆனால் எப்படிப்பட்ட ஓசி? காசு குடுத்தவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு ஸீட் மிஞ்சினால்தான் இவர்களுக்கு. அந்தச் சலுகையில் ஒருதரம் மாமனாரும் மாமியாரும் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினார்கள். பட்டுப்புடவை, சரிகை வேட்டி, தூக்கு நிறைய புளியோதரை. காலை விமானம் ஃபுல். அடுத்ததும் ஃபுல். ஏர்போர்ட் நாற்காலியிலேயே புளியோதரையைத் தின்றுவிட்டுச் சாயந்திரம் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம் மாமனார், “ஏர்போர்ட்டு பிரமாதம்” என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் பிரவீன் ஒரு வழி சொன்னான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆபீஸில் இன்றைக்கு நீ வேண்டாம் என்று விட்டுவிட்டால், அடுத்த விமானத்தில் ஸீட் காலியாக இருந்தால், ஒன்பதரைக்குள் கோயிலுக்கு வந்துவிடலாம். இரண்டு ‘ஆல்’. சுமதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் வேண்டாத சாமி இல்லை.

இந்த இடத்தில் செல்வத்தைச் சொல்லியாக வேண்டும். சுமதியின் பெரியப்பா மகன். அவளுக்கு அண்ணன் முறை, நாற்பது வயது. கோயில் இருக்கிற ஊரிலேயே நிலம் வைத்துப் பயிர் செய்கிறார். பந்தக்கால் நட, வாழைமரம் கட்ட, பாத்திரம் ஏற்றி இறக்க, எல்லாவற்றுக்கும் செல்வம்தான். கோயில் வாசலில் வைத்த ஃப்ளெக்ஸை ஏணி போட்டுக் கட்டியதும் அவர்தான். அதில் யூனிஃபார்மில் பிரவீன் சிரிக்கிறான், கீழே ‘தாய்மாமன்’ என்று கொட்டை எழுத்து. மாமனார், மாமியார், நான், பக்கத்து வீட்டு அங்கிள் வரைக்கும் அதில் இருந்தோம். செல்வம் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை அவர் வயலில் நடவு. டெல்டாவில் ஆவணியில் நடவு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்த நாளை விட்டால் நாற்று முற்றிவிடும். முந்தின நாள் முழுக்கப் பந்தல் வேலை, விடிவதற்குள் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற வேலை. ஆனால் ஆறு மணிக்கே கார் சாவியோடு என் முன்னால் நிற்கிறார். “மாப்ள, திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பட்டுமா? தம்பி ஏதும் சொன்னுச்சா?”

“இருங்க, சொல்றேன்.”

ஆறரைக்குக் கேட்டார். ஏழுக்குக் கேட்டார். “இருங்கன்னு சொன்னேன்ல!” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். சரி மாப்ள என்று சொல்லிவிட்டு மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி நின்றார்.

ஏழரைக்கு பிரவீன் போன் செய்தான். “விடலை அத்தான். விமானத்துல ஸீட் காலியா இருந்துச்சு. நான்தான் இங்க உக்காந்திருக்கேன். தயவுசெஞ்சு நம்ம ஆளுங்களை எனக்குப் போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க. காலைலேர்ந்து லைனே ஃப்ரீயா இல்ல, கம்பெனி கூப்பிட்டு எடுக்கலைன்னா என் வேலைக்கே வேட்டு.” வெடுக்கென்று வைத்துவிட்டான்.

ஒன்பது அடித்தது. முடி இறக்குபவர் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். காது குத்துகிற பத்தர் வெற்றிலையை மென்றுகொண்டு வாட்சைப் பார்க்கிறார். சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். “காலம் பூரா சொல்லிக்காட்டுவாங்க, தாய்மாமன் இல்லாம குத்தின காதுன்னு.” மாமனார் பத்தரை தாண்டினால் ராகு காலம் என்று குதிக்கிறார். எனக்கோ எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் சுமதி நிமிர்ந்து பார்த்தாள். காலெல்லாம் சேற்றோடு செல்வம் சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது இருபது.

“அண்ணே... நீங்க வந்து உக்காருங்க.”

செல்வம் அண்டாவைக் கீழே வைத்தார். குழாயடியில் கை கால் கழுவினார். பைக் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுக்கரை வேட்டியை எடுத்தார். புத்தம் புதுசு, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன் மாப்ள” என்றார். கூச்சத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு மனையில் உட்கார்ந்தார். யாழினி அவர் மடியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள். முடி இறங்கியது. ஊசி இறங்கியபோது வீறிட்டு அலறி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டவள்தான், பெற்றவள் கூப்பிட்டும் வரவில்லை. “ஆச்சு கண்ணு, ஆச்சு கண்ணு” என்று முதுகைத் தட்டியபடி செல்வமும் அழுதார். அரை மணி கழித்துப் பந்தியில் தேடினால் ஆள் இல்லை. நடவு ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கணும் என்று சாப்பிடாமலே போய்விட்டாராம்.

ஒரு மணிக்கு பிரவீன் கூப்பிட்டான். “டூட்டி முடிஞ்சுது அத்தான். எட்டு மணி நேரத்துல கம்பெனியிலேர்ந்து ஒரு போன்கூட வரல. அக்கா ரொம்ப அழுதுச்சா? குழந்தை யார் மடியில உக்காந்தா?”

“செல்வம் மடியில.”

“அண்ணன்கிட்ட எப்ப சொன்னீங்க?”

“ஒன்பது இருபதுக்கு. ஒன்பதரைக்கெல்லாம் உக்காந்துட்டார்” என்றேன், பெருமையாக.

“ஸ்டாண்ட்பைல இருக்கிறவனுக்கு எங்க கம்பெனிகூட ஒன்றரை மணி நேரம் முன்னாடி சொல்லும் அத்தான்.”